சாயந்தர மேசை

இன்றைக்குக் கேமரன் மலையின் தானா ராத்தா டவுனில் யாரிடமாவது பில்லியர்ட்ஸ் என்று சொன்னால் ஸ்னூக்கர் என்றுதான் புரிந்துகொள்வார்கள். எண்பதுகளில் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், தன் கடை மாடியில் நான்கு மேசைகள் போட்டு, கலர் கலராகப் பந்துகளை உருட்டவிட்ட பிறகு வந்த பழக்கம் அது. லோரி ஓட்டுகிறவர்களும் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வருகிற இளவட்டங்களும் சனிக்கிழமையானால் அங்கேதான் கிடப்பார்கள். மூன்றே மூன்று பந்துகளை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் இருந்தது என்று அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மூன்று பந்து ஆட்டத்துக்காக நான் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பேக்டரிக்குக் கீழே, பள்ளத்தைப் பார்த்த மாதிரி ஒரு பலகைக் கட்டடம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கிளப். நடுவில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. பச்சைத் துணிக்குக் கீழே ஐந்து துண்டுக் கருங்கல் பலகை. மலை ஏறுகிற தாப்பா ரோட்டின் வளைவுகளில் அதை ஏற்றிக்கொண்டு வர லோரி ஒரு முழுநாள் எடுத்ததாகச் சொல்வார்கள். துரைமார் ஆடிய காலத்தில் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணிமார்கூட உள்ளே போக முடியாது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிப்போன பிறகு கிளப் கிராணிமார் கைக்கு வந்தது. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்றோம்.

நான் உள்ளே போனது முழங்காலால். எழுபதுகளின் தொடக்கத்தில், மழைநாளில், கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டு முழங்கால் பிசகிவிட்டது. மேட்டில் ஏறி இறங்க முடியாது என்று தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸர் எழுதிக் கொடுத்தார். அதனால் கிளப்பைக் கூட்டிப் பெருக்கி, டீ போட்டுக் கொடுத்து, மேசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வீட்டில் பேக்டரியில் வேலை செய்கிற கணவர், தவழ்கிற ஒரு மகள்.

மேசையைப் பார்த்துக்கொள்வது என்றால் சும்மா இல்லை. அந்தப் பச்சைத் துணிக்கு ரோமம் உண்டு. அது ஒரே பக்கமாகப் படிந்திருக்க வேண்டும். காலையில் முதலில் பிரஷ் போட வேண்டும், ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து எதிர் முனைக்கு. திருப்பிப் போட்டால் போச்சு. பிறகு கனத்த இஸ்திரிப் பெட்டியை அடுப்பில் காயவைத்து, பழைய பேப்பரில் ஒருமுறை இழுத்துப் பார்த்து, பேப்பர் கருகாவிட்டால் துணிமேல் அதே பக்கமாக இழுக்க வேண்டும். மலைக் குளிரில் ராத்திரியெல்லாம் ஈரம் குடித்த துணி, பெட்டி பட்டதும் ஆவி விடும். பத்து மணிக்குள் தொட்டுப் பார்த்தால் உலர்ந்து, சூடாக இருக்கும்.

சாயந்தரம் கிராணிமார் ஆட வருவார்கள். மார்க்கர் என்று ஒருவர் முன்னே இருந்தார். புள்ளியைச் சத்தமாகச் சொல்லிப் பலகையில் ஏற்றுவது அவர் வேலை. அவர் மகனோடு ஈப்போவுக்குப் போய்விட்டதால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. சிவப்புப் பந்தைப் பையில் தள்ளினால் மூன்று. எதிராளியின் வெள்ளைப் பந்தைத் தள்ளினால் இரண்டு. நம் பந்து மற்ற இரண்டையும் தொட்டுவிட்டால் அதற்கு கேனன் என்று பெயர், அதற்கும் இரண்டு. இப்படி நூறு வரைக்கும் யார் முதலில் போகிறார்களோ அவர் ஜெயித்தவர். ஜெயித்தவர் மேசையிலேயே நிற்பார். அடுத்த ஆள் வந்து அவரோடு ஆட வேண்டும். சொல்லச் சொல்ல ஆட்டம் எனக்குள் ஏறிவிட்டது. ஆடுகிறவர்கள் குனியும்போதே, இது போகும், இது போகாது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

அப்புறம் கை சும்மா இருக்குமா? துணி சரியாகக் காய்ந்ததா என்று பார்க்கப் பந்தை உருட்டிப் பார்ப்பது என் வேலைதான். கையால் உருட்டுவதைக் கோலால் தள்ளிப் பார்த்தேன். தினமும் பத்து மணிக்கு மேல் முக்கால் மணி நேரம். கம்பளிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு குனிவேன். ஒரு வருஷத்தில் நான் நினைத்த இடத்தில் பந்து நின்றது. வாழ்க்கையில் வேறு எதுவும் நான் நினைத்த இடத்தில் நின்றதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. திருட்டுத்தனமாக இல்லாமல், சாயந்தரத்தில், எல்லோரும் பார்க்க, ஒரு ஆளோடு ஆள் நின்று நானும் ஆட வேண்டும்.

கேட்டேன். பெரிய கிராணியிடமே கேட்டேன். தோட்டத்து ஆபீஸுக்கும் கிளப்புக்கும் அவர்தான் எல்லாம். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது; பேச்சும் அப்படித்தான். துரைமார் காலத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று ஆட்டம் கற்றுக்கொண்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் புரிந்துகொள்வார் என்று நினைத்தது என் தப்பு.

"இது ஸ்டாஃப் கிளப்பும்மா. தோட்டத்து ஆளுங்க விளையாட ரூல் இல்ல. அதுவும் பொம்பள."

"ரூல் யாரு போட்டதுங்கய்யா?"

அவருக்குச் சுருக்கென்றது. சுற்றி நின்ற கிராணிமார் பல்லைக் காட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "சரி லா, என்னைய ஒரு தடவை ஜெயிச்சுட்டு வா. அப்புறம் ரூல பத்திப் பேசலாம்," என்றார். அந்தத் தோட்டத்தில் அவரை ஜெயித்தவர் யாரும் கிடையாது. அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எப்பங்கய்யா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஐந்து மணி என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னபோது கணவர் சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "கோவிச்சுக்கிட்டு வேலய புடுங்கிட்டா?" என்றார். அப்புறம், "ஜெயிச்சா நம்ம லயத்துல யாரும் தூங்க மாட்டாங்க," என்றார். கிளப்பில் காலில் சப்பாத்து போடாமல் ஆடக்கூடாது என்பதால் மறுநாள் டவுனுக்குப் போய் எனக்கு வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து வாங்கி வந்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து முகங்கள் நிறைந்து நின்றன. மார்க்கரே ஆடப் போவதால் டிரெஸர் புள்ளி சொல்ல ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷர், ஆனால் பெரிய கிராணி எதிரே உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே இருப்பவர்.

என் முதல் அடி. ஆயிரம் தடவை அடித்த அடி. பந்து சிவப்பை நோக்கிப் போய், பை வரைக்கும் தள்ள வேண்டிய தள்ளலைத் தள்ளாமல் சோர்ந்து நின்றது. சிவப்பு, பைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அடுத்த அடியும் அப்படியே. ஓரத்து ரப்பரில் பட்டுத் திரும்ப வேண்டிய பந்து பாதியில் நின்றது. நான் அடிக்க அடிக்க எல்லாமே ஒரு சாண் குறைந்தது. பெரிய கிராணி நிதானமாக நூறுக்குப் போனார். நான் முப்பத்தொன்று.

"பயந்துட்டா," என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர், "தேய்க்கிற வேலையத்தான் ஒழுங்கா செய்யத் தெரியும்," என்றார். பெரிய கிராணி கோலை மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "டீ போடும்மா," என்றார். போட்டேன். ஒன்பது கோப்பை. ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பயம் என்றுதான் நானும் நம்பினேன். இரண்டு வாரம் அந்த நினைப்பே என்னைத் தின்றது. மாரியம்மன் கோயிலிலிருந்து கணவர் மந்திரித்த திருநீறு கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு அக்கா என் கையில் கயிறு கட்டிவிட்டார். சாமிக்குப் பயப்படாத நான் ஒரு கிராணிக்குப் பயந்துவிட்டேனா என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பிறகு ஒரு நாள் விறகு நனைந்துவிட்டது. அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை, பெட்டி காயவில்லை. சரி, பிரஷாவது போடுவோம் என்று போட்டுவிட்டு, தேய்க்காத துணிமேல் பழக்க தோஷத்தில் கோலை எடுத்து ஒரு அடி அடித்தேன். சிவப்பு, பைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

மறுபடி அடித்தேன். அதே ஒரு சாண். ஜன்னலில் ஒரு முகமும் இல்லை, பெரிய கிராணி இல்லை, பயப்பட ஒருவருமில்லை. துணியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஓரத்து ரப்பரை அழுத்தினேன். கல்லாக இறுகியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டாள், முட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த ஒரு வருஷமும் நான் ஆடியது நானே சுடச்சுடத் தேய்த்து வைத்த காலை மேசை. மத்தியானம் பள்ளத்திலிருந்து ஏறுகிற பனிமூட்டம் நாலு மணிக்குக் கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஐந்து மணிக்கு அது வேறு மேசை. தினம் சாயந்தரம் அங்கேயே நின்று புள்ளி சொன்னவள் நான். கிராணிமார் ஏன் அவ்வளவு ஓங்கி அடிக்கிறார்கள், நாகரிகம் தெரியாதவர்கள் என்று மனசுக்குள் கிண்டல் வேறு செய்திருக்கிறேன். இஸ்திரி போடுகிறவளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. ஆனால் பயம் இல்லை. எனக்குப் பயம் இல்லை. கையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அடுப்பில் போட்டேன்; அது மட்டும் நன்றாக எரிந்தது.

சாயந்தர மேசையில் பழக வேண்டும். ஆனால் சாயந்தரத்தில் என்னை யார் விடுவார்கள்? இரண்டு நாள் யோசித்தேன். சாயந்தரம் எனக்குக் கிடைக்காது என்றால், சாயந்தரத்தைக் காலைக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் மலைக்கு ஏறியதும் கிளப்புக்குப் போய், பள்ளத்துப் பக்கத்து ஆறு ஜன்னல்களையும் விரியத் திறந்தேன். காலையிலும் பனிமூட்டத்துக்கு அங்கே பஞ்சமில்லை. அரை மணி நேரத்தில் மேசை மேலே வெள்ளையாகப் படுத்துக்கொண்டது. துணி குடிக்கிற வரைக்கும் குடிக்கட்டும் என்று விட்டேன். விரல் மரத்துப்போகும், அடுப்பில் காட்டிக் காட்டி எடுத்துக்கொள்வேன். ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, அதன் பிறகு பிரஷ், அதன் பிறகு பெட்டி. வேலையில் ஒருவர் ஒரு குறை சொல்ல விடவில்லை. முன்பைவிட நன்றாகவே தேய்த்தேன்.

ஈரத் துணியில் ஆடுவது வேறு படிப்பு. ஓங்கி அடித்தால் மட்டும் போதாது. ஓங்கி அடிக்கும்போது கோணம் கெட்டுவிடும். ஓரத்தை நம்பக்கூடாது. பந்தின் நடுவுக்குச் சற்று மேலே தொட்டால் அது துணியோடு போராடாமல் உருண்டு போகும். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சாயந்தரம் புள்ளி சொல்லும்போது பெரிய கிராணியின் மணிக்கட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். காலையில் அதைச் செய்து பார்ப்பேன்.

டிரெஸர் ஒரு நாள் பேப்பர் எடுக்க வந்தவர், திறந்து கிடந்த ஜன்னல்களையும் என்னையும் பார்த்தார்.

"துணி கெட்டுப் போயிரும்மா."

"நான்தானே தேய்க்கிறேன் டிரெஸரய்யா."

பேப்பரை எடுத்துக்கொண்டு, "சளி புடிச்சா வந்து மருந்து வாங்கிக்க," என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. சளி பிடித்தது, மருந்தும் வாங்கினேன். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. நடுவில் விட்டுவிடலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். மகளுக்கு அம்மை போட்ட மாதம் தோன்றியது. அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் மறுபடி ஜன்னலைத் திறந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் கிளப்பில் கிராணிமார் எல்லோரும் கூடுவார்கள். பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே பெரிய கிராணியிடம் கேட்டேன்.

"ஐயா, ஒரு தடவை ஜெயிச்சுட்டு வான்னு சொன்னீங்க. எத்தன தடவ தோத்தா அந்தப் பேச்சு முடிஞ்சு போகும்னு சொல்லலிங்களே."

நாலு பேர் சிரித்தார்கள். இந்தமுறை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் முறுக்கை ஒடித்து வாயில் போட்டு மென்று முடித்தார்.

"ஆடலாம். ஆனா இந்தத் தடவ காலையில பத்து மணிக்கு வச்சிக்கலாம். துணி காஞ்சு இருக்கும். ஒனக்குத் தோதா இருக்கும்."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் காலையில் ஆடுவது தெரியும். சாயந்தரத்து ஈரத்தில் எனக்குப் பழக்கமில்லை என்பதும் அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் ஐந்து மணி என்று சொல்லியிருக்கிறார். நான் இரண்டு வாரம் பயந்தாங்கொள்ளி என்று என்னையே தின்றுகொண்டிருந்தபோது, இந்த மனுஷருக்கு விஷயம் தெரியும். தோற்ற நாளில் வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"வேணாங்கய்யா," என்றேன். "எல்லாரும் சாயந்தரம்தானே ஆடுறாங்க. நானும் சாயந்தரமே ஆடுறேன்."

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் ஐந்து மணி, புள்ளி சொல்ல மறுபடியும் டிரெஸர். மழை வேறு தூறியது. மேசையைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல ஈரம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என் முதல் அடியில் சிவப்பு பைக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் பெரிய கிராணி சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை; அதைச் சொல்லியாக வேண்டும். நான் நாற்பதில் இருந்தபோது அவர் அறுபது. நான் எழுபதில் இருந்தபோது அவர் எண்பத்தைந்து. பிறகு அவர் ஒரு சுலபமான சிவப்பை, அவசரத்தில், பையின் உதட்டில் விட்டார். நான் மெல்ல மெல்ல ஏறினேன். அவர் தொண்ணூற்றாறு. நான் தொண்ணூற்றெட்டு. அடி என்னுடையது.

ஒரு கேனன் போதும். சிவப்பு பக்கத்தில் இருந்தது. அவருடைய வெள்ளைப் பந்து மேசையின் அந்தப் பக்கம். ஓங்கி அடித்தால் பந்து விலகிப்போகும். மெதுவாக, ஆனால் அந்த ஈரத்தைக் கடந்து போகிற அளவுக்கு. அடித்தேன். என் பந்து சிவப்பைத் தொட்டு, திரும்பி, வெள்ளையை நோக்கி உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது. நிற்கப் போகிறது என்று எல்லோரும் நினைத்த இடத்தைத் தாண்டி, வெள்ளையைத் தொட்டது. சத்தம் இல்லை என்றே சொல்லலாம். வெள்ளை ஒரு நூலளவு அசைந்தது.

டிரெஸர் வாயைத் திறக்கவில்லை. பெரிய கிராணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கிளப்பில் மார்க்கர் சொன்னால்தான் புள்ளி. சொல்லாத புள்ளி இல்லாத புள்ளி. அடித்தவர் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஜன்னலில் நின்ற என் கணவர் சொன்னாலும் செல்லாது. பட்டது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. எத்தனையோ பேருடைய நூறை நான் தொண்டை வறள வறளச் சொல்லியிருக்கிறேன். என்னுடையதை இன்னொருத்தர் சொல்லட்டும், இங்கேயே விடிந்தாலும் சரி என்று கோலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

பெரிய கிராணி மேசையைச் சுற்றி நடந்து வந்தார். தன் பந்துக்கு மேலே குனிந்து பார்த்தார். துணியில் அது நகர்ந்த தடம் இருந்ததா, அவர் கண்ணாலேயே பார்த்திருந்தாரா, எனக்குத் தெரியாது. நிமிர்ந்து, டிரெஸர் பக்கம் திரும்பாமல், மார்க்கர் சொல்ல வேண்டிய சத்தத்தில் சொன்னார்.

"நூறு."

பிறகு தன் கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார். கிராணிமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை. டீ போடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

ஜெயித்தவர் மேசையிலேயே நிற்பதுதான் அங்கே முறை. நான் நின்றேன்.

"அடுத்து யாருங்க?" என்று கேட்டேன்.